ஏழு வாயில்களும் ஒன்பது பட்டங்களும்

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை என் மைத்துனன் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது அவன் முகம் தொங்கிப் போயிருந்தது. கையில் நான்காக மடித்த ஒரு தாள். நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தவன் குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னடா, யாராவது செத்துட்டாங்களா?"

"ஒன்பது பேரு, அக்கா," என்றான் அவன். "பதிப்பாளரம்மா ஒரே அடியில ஒன்பது பேரையும் தீர்த்துட்டாங்க."

விஷயம் இதுதான். மைத்துனனும் அவன் நண்பர்கள் இருவரும் சேர்ந்து மேசையில் வைத்து ஆடும் விளையாட்டுகளைத் தயாரிக்கிறார்கள். பலகை, அட்டைகள், காய்கள், பகடை என்று ஒரு பெட்டிக்குள் அடங்குகிற சமாச்சாரம். இரண்டு வருடமாக அவர்கள் மூன்று பேரும் சோறு தூக்கம் மறந்து உருவாக்கிய விளையாட்டுக்கு 'ஏழு வாயில்' என்று பெயர். கடலோரத்தில் ஒரு கற்பனை நகரம். அதன் மதிலில் ஏழு வாயில்கள். அலையலையாக எதிரிகள் வருவார்கள். ஆடுகிறவர்கள் ஆளுக்கு ஒரு வீரராக மாறி வாயில்களைக் காக்க வேண்டும். வீரர்கள் ஒன்பது வகை. ஒவ்வொரு வகைக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. அந்தப் பட்டங்களில்தான் கோளாறு.

"அப்படி என்ன பேர் வச்சிருந்தே? படி, கேட்போம்," என்றாள் என் மனைவி, கையைத் துடைத்துக்கொண்டே.

அவன் தாளைப் பிரித்தான். தயங்கினான். "கத்தியுஸ்."

"அப்புறம்?"

"மதிலானுஸ். வேகமுஸ். கேடயாக்ஸ்."

என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குச் சிரிப்பு வந்தால் முதலில் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். தோள் குலுங்குவதைப் பார்த்ததும் எனக்கும் அடக்க முடியவில்லை.

"வில்லு வச்சிருக்கவன் பேரு வில்லானுஸா?" என்றேன்.

"எப்படி மாமா கண்டுபிடிச்சீங்க?" என்றான் அவன், உண்மையான துக்கத்தோடு.

விளையாட்டை வெளியிடப்போகிற பதிப்பாளரம்மா அனுப்பியிருந்த கடிதத்தையும் காட்டினான். விளையாட்டு நன்றாக இருக்கிறது, படங்கள் கண்ணைப் பறிக்கின்றன, ஆனால் இந்தப் பெயர்கள் இருமலுக்கு எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டு போல இருக்கின்றன என்று எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமை மதியம் அட்டைகள் அச்சுக்குப் போக வேண்டும். அதற்குள் நல்ல பெயர்கள் வராவிட்டால் இந்தப் பருவத்தில் விளையாட்டு வெளிவராது.

"நம்ம மொழியிலயே வச்சிட்டுப் போக வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

"வச்சா ஆளாளுக்கு இது எந்த ராஜா, எந்தப் படைன்னு சண்டைக்கு வருவாங்க மாமா. இது எந்த ஊரும் இல்லாத ஊரு. பேரைக் கேட்டா பழசா, கனமா இருக்கணும், ஆனா யாருக்கும் சொந்தமா இருக்கக் கூடாது. லத்தீன் மாதிரி இருந்தா நல்லாருக்கும்னு அவங்களேதான் சொன்னாங்க. அதான் எல்லாத்துலயும் ஒரு உஸ்ஸைச் சேர்த்துப் பார்த்தேன்."

சொல்லிவிட்டு அவன் தன் அக்காவையே பார்த்தான். ஏன் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

என் மனைவி தாவரத் தோட்டத்தில் பெயர்ப்பலகை செய்கிறவள். எங்கள் வீட்டிலிருந்து நாலு நிறுத்தம் தள்ளி இருக்கிற பெரிய தோட்டம் அது. அங்கே ஒவ்வொரு மரத்திலும் செடியிலும் ஒரு சின்னக் கறுப்புப் பலகை தொங்கும். அதில் வெள்ளை எழுத்தில் அதன் லத்தீன் பெயர் இருக்கும். அந்த எழுத்துகளை இயந்திரத்தில் வெட்டுகிறவள் அவள். பதினாறு வருடம். தோட்டத்தில் அவள் கைபடாத பலகை ஒன்றுகூட இருக்காது.

"அக்கா, நீ தினமும் அந்த மொழியிலதான குடித்தனம் பண்றே. ஒன்பதே ஒன்பது பேரு."

சிரிப்பு நின்றுவிட்டது. "அதெல்லாம் எனக்குத் தெரியாதுடா. நான் பேர் வைக்கிறவ இல்ல. யாரோ வச்ச பேரை வெட்டறவ. ஒரு எழுத்துகூட நானா மாத்தினது கிடையாது."

"அர்த்தம் தெரியுமில்ல?"

"இலைக்கும் பூவுக்கும் தெரியும். கத்திக்கும் கேடயத்துக்கும் தெரியாது. போய் முகம் கழுவிட்டு வா, சாப்பிடலாம்."

அவன் சாப்பிட்டுவிட்டுப் போனான். போகும்போது தாளை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனான், மறந்த மாதிரி.

மறுநாள் காலை அவள் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு பார்த்தால், அவளுடைய மூக்குக்கண்ணாடி அலமாரியின் மேல் கிடந்தது. நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். என் மனைவி கண்ணாடி இல்லாமல் வேலை பார்த்தாள் என்று தெரிந்தால் தெருவே சிரிக்கும். மதியம் கடையைச் சாத்திவிட்டுத் தோட்டத்துக்குப் போனேன்.

அவள் வேலை பார்க்கும் அறை, செடி வளர்க்கிற கண்ணாடிக் கூடத்துக்குப் பின்னால் இருக்கிறது. ஒரு காலத்தில் விதை மூட்டைகள் அடுக்கியிருந்த இடம். ஒரே ஜன்னல், அதையொட்டி வெட்டும் இயந்திரம். மேலே கறுப்பும் உள்ளே வெள்ளையுமான பிளாஸ்டிக் தகட்டை அதில் பொருத்தி, ஊசியை ஓட்டினால், கறுப்பு சுரண்டப்பட்டு எழுத்து வெள்ளையாக எழும்பும். அலமாரியில் திருகாணிகளும், மரம் பருத்தால் கூடவே நீளுகிற கம்பிச்சுருள்களும் டப்பா டப்பாவாக இருக்கும். அந்தச் சுருள் இல்லாவிட்டால் மரம் வளர்ந்து பலகையையே விழுங்கிவிடும் என்று அவள் சொல்லியிருக்கிறாள்.

நான் போனபோது அவள் தலைமுடியெல்லாம் கறுப்பும் வெள்ளையுமாகச் சீவல். பழைய கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு, மூக்கு தகட்டில் இடிக்கக் குனிந்து ஏதோ வெட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தகட்டைக் கையால் மூடினாள்.

"என்ன மறைக்கிறே?"

"ஒண்ணுமில்ல. வீணாப் போன தகடு. பின்பக்கம் சும்மாதான இருந்துச்சு."

கையை விலக்கிப் பார்த்தேன். இரண்டே வார்த்தை. மிலேஸ் ஸ்கான்டென்ஸ்.

"இது என்ன செடி?"

"செடி இல்லங்க." சொல்லும்போதே அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. "ஸ்கான்டென்ஸ்னா ஏறுறது. கொடிக்கெல்லாம் அந்தப் பேருதான் பின்னாடி வரும். சுவரு, மரம், கம்பம், எது கிடைச்சாலும் பிடிச்சு மேல போயிடும். காலையில வரும்போது வாசக்கதவுல ஒரு கொடியைப் பார்த்தேன். மதில் ஏறுற வீரன் ஒருத்தன் அவன் பட்டியல்ல இருக்கானே, அவனுக்கு இதுதான பேருன்னு பட்டுச்சு. மிலேஸ்னா போர்வீரன். அதை ஆபீஸ் அகராதியில பார்த்தேன்."

நான் அதை இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். கத்தியுஸ் போல இல்லை. நிஜமாகவே ஒருவன் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு மதிலடியில் நிற்கிற மாதிரி இருந்தது.

"இன்னும் எட்டு இருக்கு," என்றேன்.

"தெரியும். வாங்க, நடக்கலாம்."

அன்று மதியம் அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. தோட்டம் முழுக்க என்னை இழுத்துக்கொண்டு நடந்தாள். பதினாறு வருடத்தில் அந்தத் தோட்டத்தை அவளோடு எத்தனையோ தடவை சுற்றியிருக்கிறேன். ஆனால் இப்படி ஒரு நாளும் பார்த்ததில்லை. ஒவ்வொரு பலகையிலும் இரண்டாவது வார்த்தையைத் தொட்டுக் காட்டினாள். முதல் வார்த்தை குடும்பம், இரண்டாவது குணம் என்றாள். தரையோடு தரையாக ஊர்ந்து போகிற ஒரு புல்லுக்கு ரெபென்ஸ். "உளவுக்குப் போறவன்," என்றாள். இழுத்தாலும் அறுத்தாலும் நாரை விடாத நீள இலைச் செடிக்கு டெனாக்ஸ். "பெரிய வாயிலை விடாம பிடிச்சிட்டு நிக்கிறவ." தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு காற்றில் ஆடுகிற ஒரு பூவுக்கு முன்னால் நின்று சிரித்தாள். "இது நூட்டன்ஸ். தலையாட்டி. காவலுக்கு நின்னுட்டே தூங்கி விழறவன் ஒருத்தன் வேணும். எந்தப் படையில இல்ல?"

வடக்கு மூலையில் ஒரு மரம். மற்றதெல்லாம் பூத்து, காய்த்து, உதிர்த்து முடித்த பிறகுதான் அது பூக்கத் தொடங்குமாம். அதன் பேர் செரோட்டினுஸ், தாமதமாக வருகிறது. "கடைசி அலை வரும்போது வந்து சேர்ற படை," என்று சொல்லிவிட்டு அதன் அடிமரத்தை ஒரு தட்டு தட்டினாள், ஏதோ வேலையில் சேர்த்துக்கொண்ட மாதிரி.

மாலை இருவருமாக மைத்துனனின் அலுவலகத்துக்குப் போனோம். டயர் கடைக்கு மேலே இரண்டு அறைகள். படியெல்லாம் ரப்பர் வாசனை. அங்கே அவனோடு இருக்கிற இருவரையும் சொல்ல வேண்டும். விதிமுறை எழுதுகிற ஒல்லிப் பையனை எல்லோரும் 'விதி' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த அலுவலகத்தில் மட்டும் விதியைத் திட்டினால் அது திரும்பிப் பார்க்கும். படம் வரைகிற பெண்ணுக்கு 'ரேடியோ' என்று பெயர். ஒரு நாளைக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டாள் என்பதால்.

என் மனைவி எழுதிக்கொண்டு வந்த தாளை மேசையில் வைத்தாள். வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள், பரீட்சைத் தாள் கொடுத்த பிள்ளை மாதிரி.

அவர்கள் மூவரும் குனிந்து படித்தார்கள். அவள் பட்டங்களை மூன்று படியாகப் பிரித்திருந்தாள். சாதாரண வீரர்கள் மிலேஸ். வாயில் காப்பவர்கள் குஸ்தோஸ். படை நடத்துகிறவர்கள் டுக்ஸ். ஒவ்வொரு படியிலும் மூன்று பேர். மைத்துனன் சத்தம் போட்டுப் படித்தான்.

"டுக்ஸ் ஃபெரோக்ஸ்." இன்னொரு தடவை சொன்னான். மூன்றாவது தடவை மேசையைத் தட்டிக்கொண்டே சொன்னான். "அக்கா, இது என்ன?"

"ஃபெரோக்ஸ்னா மூர்க்கம். முள்ளு ரொம்ப இருக்கிற கத்தாழை ஒண்ணு இருக்கு, அதோட பேரு."

"கத்தாழையா? கேட்டா முதுகுத்தண்டு சில்லுங்குது."

ரேடியோ விரலை ஒரு வரியில் வைத்தாள். "ஆம்பளைப் பேரா, பொம்பளைப் பேரா?"

அன்றைய நாலு வார்த்தைக் கணக்கு அதோடு முடிந்தது. அவள் ஏன் கேட்டாள் என்று எனக்குத் தெரியும். அவள் வரைந்த வீரர்களில் பாதிப் பேர் பெண்கள். பழைய பட்டியலில் எல்லோருமே 'உஸ்'.

"அதான் விசேஷமே," என்றாள் என் மனைவி. "உஸ்னு முடியறதெல்லாம் ஆம்பளைக்கு. ஆனா ஃபெரோக்ஸ், டெனாக்ஸ், ஸ்கான்டென்ஸ், இந்த மாதிரி முடியறது ரெண்டு பேருக்கும் பொதுவா வரும். நீ யாரை வரைஞ்சிருந்தாலும் பொருந்தும்மா."

ரேடியோ எழுந்தாள். உள்ளே போய் எல்லோருக்கும் டீ போட்டுக்கொண்டு வந்தாள். மைத்துனன் என் காதில், "இந்த ரெண்டு வருஷத்துல அவ டீ போட்டு நான் பார்த்ததே இல்ல மாமா," என்றான்.

விதிக்கு ஒரு பெயரில் மட்டும் சந்தேகம். "டுக்ஸ் ட்ரெமுலுஸ்னு இருக்கே. இது என்னங்க?"

"நடுங்குறவன். லேசாக் காத்தடிச்சாக்கூட இலையெல்லாம் நடுங்குற மரம் ஒண்ணு இருக்கு."

"நடுங்குற தளபதியா? தளபதி பயப்படலாமா?"

"பயப்படற தளபதி ஒருத்தன் இருந்தாத்தான் ஆளுங்க கொஞ்சம் கம்மியாச் சாவாங்க," என்றாள் அவள்.

விதி பேனாவைக் கீழே வைத்தான். அவள் அறியாமல் அவனுடைய புண்ணில் கை வைத்திருந்தாள். அந்த விளையாட்டில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. மூன்றாவது அலை வருவதற்குள் பாதி வீரர்கள் மடிந்துவிடுவார்கள். அப்புறம் அந்த ஆட்டக்காரர்கள் கைபேசியை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இது எனக்கு நன்றாகத் தெரியும். சோதனை ஆட்டத்துக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான்தான் முதலில் சாவேன். ஒரு தடவை டீ ஆறுவதற்குள் செத்திருக்கிறேன். காயம் ஆற்றுவதற்கு மருந்துப் பெட்டி அட்டை ஒன்றைச் சேர்த்துப் பார்த்தான் விதி. அது வேறு ஏதோ விளையாட்டிலிருந்து தவறி விழுந்த மாதிரி இருந்ததால் எடுத்துவிட்டான்.

எட்டுப் பட்டங்கள் முடிவாயின. ஒன்பதாவது, நான்காம் வாயிலில் நிற்கிற காவலர். ரேடியோ அவரை நரைத்த புருவமும் அகலத் தோளுமாக, ஒரு கையில் வாளோடும் மறுகையில் ஒரு தடித்த சட்டப் புத்தகத்தோடும் வரைந்திருந்தாள். அவருக்கு மட்டும் என் மனைவி தோட்டத்தில் பெயர் தேடவில்லை.

"இவருக்கு நானா ஒண்ணு செஞ்சுக்கிறேன்," என்றாள்.

வியாழக்கிழமை முழுக்க அவள் அகராதியும் கையுமாக இருந்திருக்கிறாள். மாலை என் கடைக்கே வந்து, லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்த என்னிடம் ஒரு பலகையை நீட்டினாள். இது வீணாய்ப் போன தகடு இல்லை. புதுத் தகடு, ஓரமெல்லாம் சீவி மெருகேற்றியது. குஸ்தோஸ் யூரிஸ்.

"சட்டத்தின் காவலர்," என்றாள். "எந்த இலையிலயும் இல்லாதது. நானே ஒட்ட வச்சது."

அதை என் கையில் கொடுத்துவிட்டு, நான் பார்ப்பதையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். திருமணமான நாளிலிருந்து அவள் எதையாவது தானே செய்தது என்று சொல்லி நான் கேட்டதில்லை. கண்ணாடிகள் வைக்கிற கண்ணாடிப் பெட்டியில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி, அந்தப் பலகையை நிறுத்தி வைத்தேன்.

பதிப்பாளரம்மாவுக்கு ஒன்பது பட்டங்களும் பிடித்துப்போயின. ஆனாலும் அவர் எதையும் இரண்டு தடவை சரிபார்க்கிற ஆள். பழைய மொழிகள் படித்த ஒரு மொழிபெயர்ப்பாளருக்குப் பட்டியலை அனுப்பிவிட்டு, வெள்ளிக்கிழமை காலை அவர் உங்களோடு பேசுவார், பேசி முடித்ததும் நான் நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று தகவல் சொன்னார். என் மனைவி அரைநாள் விடுப்பு போட்டாள். நானும் கடையைத் திறக்கவில்லை.

பத்து மணிக்கு அழைப்பு வந்தது. மைத்துனன் கைபேசியை மேசை நடுவில் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டான். குரல் மெதுவாக, அவசரமில்லாமல் இருந்தது.

"ஏழு வாயில் காரங்களா? உங்க பட்டியலைப் பார்த்தேன். எட்டுப் பட்டமும் அருமை. யாரு வச்சாங்களோ, அவங்களுக்கு நல்ல காது. நூட்டன்ஸைப் படிச்சிட்டு நான் தனியா உட்கார்ந்து சிரிச்சேன்."

மைத்துனன் அக்காவைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். அவள் புடவை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒன்பதாவதுதான் கொஞ்சம்..."

"தப்பா இருக்குங்களா?" என்றாள் என் மனைவி.

"தப்பே இல்லம்மா. அதான் சிக்கல். யூரிஸ்னா சட்டத்தோடன்னு அர்த்தம், சரி. ஆனா அதே எழுத்து, அதே உச்சரிப்புல இன்னொரு வார்த்தையும் இருக்கு. நம்ம மொழியில ஆறுன்னா ஓடுற ஆறும் ஆகும், அஞ்சுக்கு அடுத்ததும் ஆகும் இல்லையா, அந்த மாதிரி."

"அந்த இன்னொரு வார்த்தை என்னங்க?"

"சூப்."

கீழே டயர் கடையில் காற்று அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"சூப்புங்களா?" என்றான் விதி.

"ஆமா. காய், கறி வேகவச்ச தண்ணி. அதனால இதைச் சட்டத்தின் காவலர்னும் படிக்கலாம், சூப்பின் காவலர்னும் படிக்கலாம். தெரிஞ்சவங்க படிச்சா கொஞ்சம் சிரிப்பாங்க. மாத்தறதும் விடறதும் உங்க இஷ்டம்."

அவர் நன்றி சொல்லிப் போனை வைத்துவிட்டார். எனக்குத் தொண்டை வரைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மனைவியின் முகத்தைப் பார்த்ததும் அதை அப்படியே விழுங்கினேன்.

"அது ஒண்ணைத்தான் நான் செடிகிட்ட கேட்காம வச்சேன்," என்றாள் அவள். குரல் சின்னதாகிவிட்டது. மேசையில் இருந்த டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டு உள்ளே கழுவப் போய்விட்டாள். அவற்றில் இரண்டில் இன்னும் டீ இருந்தது.

நான் பின்னாலேயே போனேன். குழாயைத் திறந்துவிட்டு, ஒரே கிளாஸைத் திருப்பித் திருப்பிக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இப்ப என்ன ஆயிப்போச்சு? வேற ஒண்ணு வச்சா முடிஞ்சுது."

"வெட்டறவ வெட்டற வேலையோட இருந்திருக்கணும்ங்க. புதுத் தகடு வேற வீணாயிடுச்சு. உங்க கடையில வேற எல்லாரும் பார்க்கிற மாதிரி வச்சிருக்கீங்க. நேத்து சாயங்காலத்துல இருந்து சூப் காவலர்னு போர்டு நிக்குது."

அப்போது முன்னறையில் நாற்காலி கீழே விழுகிற சத்தம் கேட்டது. அப்புறம் மைத்துனன் சிரிக்கிற சத்தம். அடக்கப் பார்த்து முடியாமல் சிரிக்கிற சிரிப்பு. என் மனைவி குழாயை மூடினாள். எனக்குக் கோபம் வந்தது. அக்காவைக் கேலி பண்ண இதுவா நேரம் என்று வேகமாக வெளியே போனேன்.

ரேடியோ திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் உள்ளே போயிருந்த ஐந்து நிமிடத்தில் நான்காம் வாயில் காவலரின் கையிலிருந்த புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கவிட்டு, வாளுக்குப் பதிலாக ஒரு நீளமான கரண்டியைக் கொடுத்திருந்தாள். வேறு எதையும் மாற்றவில்லை. அதே நரைத்த புருவம், அதே கம்பீரம், அதே அகலத் தோள். கரண்டியை அவர் பிடித்திருந்த விதத்தில், அதைத் தாண்டி யாரும் ஒரு அடி எடுத்து வைக்க முடியாது என்று தோன்றியது.

என் மனைவி என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். முதலில் சத்தம் வரவில்லை. அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது.

"அக்கா," என்றான் விதி. அவன் விழுந்த நாற்காலியைத் தூக்கவே இல்லை. நின்றுகொண்டே ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். "நாலாவது வாயில்ல ஒரு பெரிய அண்டா. காயம்பட்டவன் அங்க வந்து சேர்ந்தான்னா, ஒரு கிண்ணம். ஒரு உயிர் திரும்பி வரும். மருந்துப் பெட்டி வேண்டாம். ஆறு மாசமா நான் தேடினது இதுதான்."

"ஆனா எல்லாரும் அங்கயே போய்க் கூட்டமா நின்னுட்டா?" என்றான் மைத்துனன். "எதிரியும் உள்ள வந்தா? அண்டாவைச் சுத்திச் சண்டை நடக்கும்."

அவர்கள் இருவரும் மாற்றி மாற்றிப் பேசினார்கள். அண்டாவுக்கு வேலி போடலாம் என்றான் ஒருவன். கிண்ணத்துக்குக் கணக்கு வைக்கலாம் என்றான் இன்னொருவன். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போனாள்.

"எதுக்குடா வேலி? அதான் சட்டப் புத்தகம் கக்கத்துல இருக்கே. சூப் குடிக்கிற இடத்துல யாரும் யாரையும் அடிக்கக் கூடாது. ஆயுதத்தைக் கீழ வச்சிட்டு வந்தா எதிரிக்கும் ஒரு கிண்ணம் உண்டு. அதான் சட்டம். இவரு ரெண்டுக்கும் காவலரு."

விதி எழுதுவதை நிறுத்தினான். மைத்துனன் அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினான், ஏதோ பெரிய அதிகாரியைப் பார்த்த மாதிரி. ரேடியோ திரும்பி, "பேரை மாத்தாதீங்க," என்றாள்.

உடனே ஒரு சோதனை ஆட்டம் போட்டோம். அண்டாவுக்கு டீ கிளாஸ்தான். அவள் கழுவி வைத்தது. நான் வழக்கம் போல இரண்டாவது அலையிலேயே அடிபட்டேன். ஆனால் சாகவில்லை. வாளைக் கீழே வைத்துவிட்டு நொண்டிக்கொண்டே நான்காம் வாயிலுக்குப் போய், ஒரு கிண்ணம் குடித்து எழுந்து, கடைசி அலை வரைக்கும் நின்றேன். இரண்டு வருடத்தில் அந்த விளையாட்டின் முடிவை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. முடிவு நன்றாகவே இருந்தது.

பதினொன்றரைக்குப் பதிப்பாளரம்மா வந்தார். உயரமானவர், குட்டையான நரைமுடி, பேச்சில் ஒரு வார்த்தை கூட வீணாகாது. நேராகத் திரைக்குப் போனவர் கரண்டியைப் பார்த்தார்.

"இது என்ன?"

என் மனைவிதான் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை, தான் வைத்தது, இரண்டு அர்த்தம் வந்தது, ரேடியோ வரைந்தது, விதி விதியை மாற்றியது, எல்லாவற்றையும் சொன்னாள். அந்த அம்மா முகத்தில் எதையும் காட்டாமல் கேட்டார். பிறகு கைப்பையை ஓரமாக வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"ஒரு ஆட்டம் போடுங்க."

அவர் டுக்ஸ் ஃபெரோக்ஸை எடுத்தார். மூர்க்கமாகத்தான் ஆடினார். மூன்றாவது அலையில், எதிரிப் படையை நகர்த்திய என் மைத்துனனே அவரை அடித்துக் காயப்படுத்த வேண்டியதாயிற்று. அவர் பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் வாள் காயைப் படுக்க வைத்து, வீரனை ஒவ்வொரு கட்டமாக நான்காம் வாயிலுக்கு நகர்த்தினார்.

"எனக்கு ஒரு கிண்ணம்," என்றார்.

என் மனைவி காலி டீ கிளாஸை அவர் முன்னால் நகர்த்தினாள். அவர் அதைக் கையில் எடுத்து, குடிக்கிற மாதிரி வாயருகே கொண்டுபோய், அப்போதுதான் சிரித்தார். எழுந்து போகும்போது ரேடியோவிடம் ஒன்றே ஒன்று சொன்னார்.

"அந்தக் கரண்டியை இன்னும் கொஞ்சம் பெருசா வரைங்க. அட்டையில சின்னதாத் தெரியும்."

மதியம் அட்டைகள் அச்சுக்குப் போயின.

நாலு மாதம் கழித்து விளையாட்டு வெளிவந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை நூலகத்தின் பெரிய கூடத்தில் பதினைந்து மேசைகள் போட்டு, யார் வேண்டுமானாலும் வந்து ஆடலாம் என்று ஏற்பாடு செய்திருந்தார்கள். நாங்கள் போனபோது கூடம் நிரம்பியிருந்தது. முன்பின் தெரியாத மனிதர்கள், அலுவலகக்காரர்கள், கல்லூரிப் பெண்கள், ஒரு தாத்தா, அவரோடு வந்த மருமகள், எல்லோரும் வாய் நிறைய அந்தப் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு மூலையில், "நூட்டன்ஸ் தூங்கிட்டான், யாராவது எழுப்புங்க," என்று கத்தல். இன்னொரு மூலையில், "நான் செரோட்டினுஸ், எனக்கு அவசரமே இல்ல," என்று ஒருவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

என் மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள். கையை நீட்டி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாரும் சொல்றாங்கங்க," என்றாள்.

நாங்கள் நின்ற இடத்துக்குப் பக்கத்து மேசையில் இரண்டு பெண்களுக்குள் வாக்குவாதம். ஒருத்தி டுக்ஸ் என்றாள். இன்னொருத்தி அது டக்ஸ் என்று சாதித்தாள். மூன்றாவதாக இருந்த தபால்காரர், ஞாயிற்றுக்கிழமையும் சீருடையோடுதான் வந்திருந்தார், இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு விழித்தார். எங்களைப் பார்த்ததும், "நீங்க சொல்லுங்கம்மா, இதை எப்படிச் சொல்றது?" என்று என் மனைவியைக் கேட்டார். அவள் யாரென்று அவருக்குத் தெரியாது.

"டுக்ஸ்னுதான் நினைச்சு வச்சேன்," என்றாள் அவள். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது.

மூன்று பேரும் அவளை நிமிர்ந்து பார்த்தார்கள்.

"நீங்களா வச்சீங்க?" என்றாள் டக்ஸ்காரி. "எல்லாத்தையுமா? அந்தச் சூப்காரரையுமா?"

"அவரையும்தான்."

டக்ஸ்காரி சட்டென்று எழுந்து நாலாவது நாற்காலியில் இருந்த பைகளை எடுத்துத் தரையில் வைத்தாள். "உட்காருங்க. எங்களுக்கு ஒரு ஆள் குறையுது."

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அவள் கைப்பையை வாங்கிக்கொண்டேன். அவள் உட்கார்ந்து, அட்டைகளை விசிறி மாதிரி விரித்துப் பார்த்து, நடுங்குகிற தளபதியை எடுத்தாள்.

பின்னால் ஒரு நாற்காலி போட்டு நானும் உட்கார்ந்து பார்த்தேன். அவளுக்கு ஆட்டம் சரியாக வராது. பெயர் வைத்தாளே தவிர, அதற்கு முன்னால் முழுசாக ஒரு தடவைகூட ஆடியதில்லை. மூன்றாவது அலைக்குள் இரண்டு வாயில்களைப் பறிகொடுத்தாள். தபால்காரர் அவளுக்காக வருத்தப்பட்டு, எப்படி ஆட வேண்டும் என்று விளக்க ஆரம்பித்தார். அவள் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, மூன்றாவது வாயிலையும் பறிகொடுத்தாள்.

"என்னங்க," என்றாள் என் பக்கம் திரும்பி. "நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க. இது முடிய இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்."